யார் இனிஷியல்?

ஒரு குழந்தை பிறந்தால் பெயர் வைப்பதற்குத்தான் ஊரைக் கூட்டி ஆலோசனை நடக்கும். இனிஷியலுக்கு ஆலோசனையே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து. அம்மா இனிஷியல் போடுகிற வீடுகளும் உண்டு. எப்படியானாலும் குழந்தையைக் கேட்டு யாரும் போடுவதில்லை. பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருகிற சமாசாரம் அது.

கம்ப்யூட்டருக்குள்ளும் இந்தப் பிரச்னை இருக்கிறது. நீங்கள் ஒரு கடிதத்தை டைப் அடித்து சேமித்த அந்த நிமிடம், ஒரு ஃபைல் பிறந்துவிட்டது. அது யாருடையது? யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் தொடவே கூடாது? பிறந்த வீட்டு வழக்கப்படி முடிவு செய்வதா, பெற்றவர் வழக்கப்படியா? வீடு என்பது டைரக்டரி. (விண்டோஸ்காரர்கள் ஃபோல்டர் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.) பெற்றவர் என்பது கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நீங்கள்.

கேட்பதற்கு அற்ப விஷயம். ஆனால் கம்ப்யூட்டர் உலகத்தின் மகா மூளைகள் அறுபது வருஷம் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 2018ல் லைனஸ் டோர்வால்ட்ஸே கையில் ஸ்பேனரோடு இறங்கவேண்டி வந்தது. அப்படியும் வேலை முடியவில்லை.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகம். 1961ல் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்கிற விஞ்ஞானி, ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்து காட்டினார். சி.டி.எஸ்.எஸ். என்று பேர். அதுவரை கம்ப்யூட்டர் என்றால் ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர் வெளியே க்யூவில் நிற்கவேண்டும். இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே. ரொம்ப சந்தோஷம். ஆனால் பல பேர் ஒரு வீட்டில் குடியிருந்தால் என்ன ஆகும்? உன் தட்டு, என் தட்டு என்று சண்டை வரும். ஆகவே பாஸ்வேர்ட் வந்தது.

பாஸ்வேர்ட் வந்த சூட்டோடு திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்கிற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்குப் போதவில்லை. 1962ல் ஒரு நாள், இன்ன ஃபைலை பிரிண்ட் எடுத்து வை என்று ஒரு பஞ்ச் கார்டில் எழுதிப் போட்டார். அவர் கேட்டது எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைல். கம்ப்யூட்டர் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது. கேட்டவருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறதா என்று பார்க்கிற வேலையை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. இந்தத் திருட்டை ஷெர் ஒப்புக்கொண்டது கால் நூற்றாண்டு கழித்து.

1966ல் நடந்தது இன்னும் விசேஷம். ஒரு நாள் சாயங்காலம் சி.டி.எஸ்.எஸ்ஸுக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம், வழக்கமான 'இன்றைய செய்தி'க்குப் பதிலாக அத்தனை பேரின் பாஸ்வேர்டும் வரிசையாகத் திரையில், மன்னிக்கவும், அப்போது திரை ஏது, டைப்ரைட்டர் போன்ற டெர்மினலில் தடதடவென்று அச்சாகி வந்தது. காரணம் என்ன? எடிட்டர் என்கிற புரோகிராம் வேலை செய்யும்போது ஒரு தாற்காலிக ஃபைலை உருவாக்கும். அதற்கு எப்போதும் ஒரே பேர். ஒரு டைரக்டரியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நினைத்து அப்படி எழுதியிருந்தார்கள். நிர்வாகிகள் இரண்டு பேர் ஒரே டைரக்டரியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் பாஸ்வேர்ட் ஃபைலைத் திருத்தினார். இன்னொருவர் இன்றைய செய்தியைத் திருத்தினார். இரண்டு தாற்காலிகப் பிள்ளைகளும் தொட்டிலில் இடம் மாறிவிட்டன. பழைய தமிழ் சினிமாவில் ஆஸ்பத்திரி சீன் வருமே, அதேதான்.

கோர்பாட்டோ இந்தக் கதையை 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது உரையில் மேடையிலேயே சொன்னார்.

அடிபட்டவர்கள் அடுத்த சிஸ்டத்தை ஜாக்கிரதையாகக் கட்டினார்கள். மல்டிக்ஸ். எம்.ஐ.டியோடு ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பெல் லேப்ஸும் கூட்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பட்டியல்: இவர் படிக்கலாம், இவர் எழுதலாம், இவருக்கு அனுமதியில்லை. கல்யாண வீட்டு வாசலில் அழைப்பிதழ் லிஸ்ட்டோடு ஆள் நிற்பதுபோல. சரி, புதிதாக ஒரு ஃபைல் பிறந்தால் அதன் பட்டியலை யார் எழுதுவது?

நம்முடைய கேள்வி முதல்முதலாகத் தலைகாட்டுவது இங்கேதான்.

மல்டிக்ஸ்காரர்கள் முதலில் ஒரு வழி வைத்திருந்தார்கள். டைரக்டரிக்கு ஒரு பொதுப் பட்டியல். அதில் ஒரு பேரைச் சேர்த்தால் உள்ளே இருக்கும் எல்லா ஃபைலுக்கும் அது செல்லும். அடித்தால் எல்லாவற்றிலும் அடிபடும். வசதிதான். ஆனால் உபத்திரவம். ஒரு ஃபைலுக்காக ஒரு மாற்றம் செய்தால் சம்பந்தமே இல்லாத நாற்பது ஃபைலின் கதவு திறந்துகொள்ளும். ஒரு குறிப்பிட்ட ஃபைலை யார் பார்க்க முடியும் என்று தெரிந்துகொள்ள இரண்டு பட்டியலைச் சேர்த்துவைத்துக் கூட்டிக் கழிக்கவேண்டும். ஆகவே அதைத் தூக்கிவிட்டு இரண்டாவது வழிக்கு வந்தார்கள். டைரக்டரியில் ஒரு ஆரம்பப் பட்டியல் இருக்கும். ஃபைல் பிறக்கும்போது அதில் ஒரு நகல் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதோடு உறவு முடிந்தது. பிற்பாடு வீட்டு வழக்கம் மாறினாலும் பிள்ளைக்குப் பாதிப்பில்லை. ஜெரோம் சால்ட்ஸர் 1974ல் எழுதிய கட்டுரையில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது.

ஒன்று உயிருள்ள உறவு, இன்னொன்று பிறந்தபோது கொடுத்த நகல். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மைக்ரோசாஃப்டும் இதே குட்டையில் வந்து விழப்போகிறது.

பெல் லேப்ஸ் 1969ல் மல்டிக்ஸ் கூட்டணியிலிருந்து விலகியது. செலவு அதிகம், முடிகிற வழியாக இல்லை. வேலையில்லாமல் நின்ற கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் ஒரு சின்ன பி.டி.பி-7 மெஷினில் சொந்தமாக ஒன்றை எழுத ஆரம்பித்தார்கள். அதுதான் யூனிக்ஸ். மல்டிக்ஸ் அரண்மனை என்றால் இது ஓட்டு வீடு. பட்டியல் கிட்டியல் எல்லாம் கிடையாது. 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டைப் பார்த்தால், உலகத்தில் இரண்டே ஜாதி. சொந்தக்காரர், மற்றவர். 'குரூப்' என்கிற மூன்றாவது ஆள் அப்புறம்தான் வந்தார். 1974ல் ரிச்சியும் தாம்ப்ஸனும் வெளியிட்ட பிரபலமான கட்டுரையில் ஒரு ஃபைலுக்கு 7 பாதுகாப்பு பிட்கள் என்று இருக்கிறது. அதே கட்டுரையை 1978ல் திருத்தி வெளியிட்டபோது 10. இடையில் குரூப் குடியேறிவிட்டது.

சொந்தக்காரர், குரூப், மற்றவர். ஒவ்வொருவருக்கும் படிக்க, எழுத, ஓட்ட. மூன்று மூன்று ஒன்பது. அதற்கு மேல் மூன்று ஸ்பெஷல் பிட்கள். ஆக 12. இந்த 12 பிட்டை வைத்துக்கொண்டுதான் பிற்பாடு பாதி உலகம் ஓடியது.

அந்த ஸ்பெஷல் பிட்களில் ஒன்று ரிச்சியின் மூளையில் உதித்தது. செட்யுஐடி. சாதாரண ஆள் தன் பாஸ்வேர்டை மாற்றவேண்டும். பாஸ்வேர்ட் ஃபைலோ நிர்வாகியின் சொத்து. தொட முடியாது. என்ன செய்யலாம்? பாஸ்வேர்ட் மாற்றுகிற புரோகிராமுக்கு மட்டும் ஒரு அடையாளம் போட்டுவிடுவது. அதை யார் ஓட்டினாலும், ஓடுகிற நேரத்துக்கு மட்டும் அது புரோகிராமின் சொந்தக்காரருடைய அதிகாரத்தில் ஓடும். முதலாளி சட்டையை மாட்டிக்கொண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பக் கழற்றி மாட்டிவிடுகிற மாதிரி. ரிச்சியின் பேரில் 1973ல் பேடண்ட்டுக்கு விண்ணப்பித்து 1979 ஜனவரியில் கிடைத்தது. பெல் அதைப் பிற்பாடு பொதுச் சொத்தாக விட்டுவிட்டது.

இதற்கு ஒரு தம்பி உண்டு. செட்ஜிஐடி. சொந்தக்காரரின் சட்டைக்குப் பதில் குரூப்பின் சட்டை. அண்ணனைவிட சாதுவானவன் என்று பேர். நம் கதையின் வில்லன் அவன்தான்.

எண்பதுகளில் யூனிக்ஸ் குடும்பம் இரண்டானது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் ஒரு பக்கம், ஏ.டி. அண்ட் டி. கம்பெனி இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் ஆயிரம் தகராறு. அதில் ஒன்று: புதிதாகப் பிறந்த ஃபைலுக்கு எந்த குரூப்பின் இனிஷியல்?

1983ல் வந்த பெர்க்லியின் 4.2 பி.எஸ்.டியில், ஒரு ஆள் ஒரே சமயத்தில் பல குரூப்பில் இருக்கலாம் என்று செய்தார்கள். அப்படியானால் அவர் உருவாக்கும் ஃபைலுக்கு எந்த குரூப்பைப் போடுவது? டைரக்டரியைப் பார், அதன் குரூப்பையே போடு என்றது பெர்க்லி. பிறந்த வீட்டு இனிஷியல். ஏ.டி. அண்ட் டி.யின் சிஸ்டம் ஃபைவோ, யார் உருவாக்கினாரோ அவருடைய அப்போதைய குரூப் என்று பழைய வழக்கத்திலேயே நின்றது. பெற்றவர் இனிஷியல்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஒரு ப்ராஜெக்ட்டில் பத்து பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள், எல்லா ஃபைலும் ஒரே டைரக்டரியில் என்றால் பெர்க்லி சொல்வதுதான் சரி. எனக்குக் கேட்டால் பெர்க்லி பக்கம்தான் ஓட்டு. ஆனால் கண்டவர் வந்து போகிற பொது டைரக்டரியில் ஒருவர் எழுதுகிற ஃபைல், அவர் அங்கத்தினராகவே இல்லாத குரூப்பின் பேரைச் சுமந்துகொண்டு பிறப்பது கொஞ்சம் விபரீதம்தான். இந்த விபரீதத்தை ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தர நிர்ணயம் செய்யும் போஸிக்ஸ் கமிட்டி 1988ல் தீர்ப்பு சொன்னது. என்ன தீர்ப்பு? அதுவும் சரி, இதுவும் சரி. நாட்டாமை யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க அரசாங்கம் மட்டும் தனக்கு விற்கிற கம்ப்யூட்டர்களுக்கு டைரக்டரியின் குரூப்தான் வேண்டும் என்று தனியாக விதி போட்டது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆட்கள் கெட்டிக்காரர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செட்ஜிஐடி பிட் இருக்கிறதல்லவா? அது புரோகிராமுக்கு உரியது. டைரக்டரியை யாராவது புரோகிராம் மாதிரி ஓட்டுவார்களா? மாட்டார்கள். ஆகவே டைரக்டரியில் அந்த பிட் சும்மா கிடக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாம். டைரக்டரியில் செட்ஜிஐடி போட்டிருந்தால் பெர்க்லி வழக்கம். போடாவிட்டால் சிஸ்டம் ஃபைவ் வழக்கம். இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட டைரக்டரிக்குள் பிறக்கிற குட்டி டைரக்டரிகளுக்கும் அந்த பிட் தானாக ஒட்டிக்கொள்ளும். பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் வாரிசுரிமை. லினக்ஸ் இதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இதற்கிடையில் ஏ.டி. அண்ட் டி.காரர்கள் அதே பிட்டுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். குரூப்புக்கு ஓட்டும் உரிமை இல்லாத ஃபைலில் செட்ஜிஐடி இருந்தால், 'இது பூட்டுப்போட்ட ஃபைல், ஒருவர் பூட்டியிருக்கும்போது இன்னொருவர் தொடக்கூடாது' என்று அர்த்தம். ஆக ஒரு பிட், மூன்று அர்த்தம். புரோகிராமில் ஒன்று, டைரக்டரியில் ஒன்று, ஓட்ட முடியாத ஃபைலில் ஒன்று. இடம் போதாத வீட்டில் ஒரே அறை பகலில் ஹால், ராத்திரியில் படுக்கையறை, விருந்தாளி வந்தால் சாப்பாட்டு அறை ஆகுமே, அப்படி. குடித்தனம் நடக்கும். யாராவது இருட்டில் எதன் மேலாவது தடுக்கி விழுவதும் நடக்கும். (பூட்டு விவகாரத்தை லினக்ஸ் 2021ல் 5.15 பதிப்போடு தலைமுழுகிவிட்டது.)

நடைமுறையில் முதல் தடுக்கல் யுமாஸ்க். ஃபைல் பிறக்கும்போது எந்தெந்த உரிமையைப் பிடுங்கிவிடவேண்டும் என்று ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ளும் கத்தரிக்கோல். வழக்கமான அளவு 022. அதாவது குரூப்புக்கும் மற்றவருக்கும் எழுதும் உரிமை கட். இப்போது பாருங்கள். செட்ஜிஐடி டைரக்டரி, பத்து பேர் ப்ராஜெக்ட். ஒருவர் புது ஃபைல் எழுதுகிறார். குரூப் இனிஷியல் சரியாக ஒட்டுகிறது. ஆனால் கத்தரிக்கோல் வந்து குரூப்பின் எழுதும் உரிமையை வெட்டிவிடுகிறது. மற்ற ஒன்பது பேரும் ஃபைலைப் பார்க்கலாம், கை வைக்க முடியாது. அவர் லீவில் போய்விட்டால் அம்பேல். கத்தரிக்கோலை 002 என்று தளர்த்தினால், மற்ற இடங்களில் எழுதுகிற அந்தரங்க ஃபைலையும் குரூப் திருத்தலாம் என்றாகிவிடும். ரெட் ஹாட் கம்பெனி இதற்கு ஒரு தமாஷான வழி வைத்தது. ஒவ்வொரு ஆளுக்கும் அவர் மட்டுமே அங்கத்தினராக உள்ள ஒரு தனி குரூப். தனி ஆள் கட்சி. அப்புறம் 002 வைத்தால் என்ன கெட்டுவிடும்?

மல்டிக்ஸ் பாணி பட்டியலையே திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று போஸிக்ஸில் ஒரு கோஷ்டி பல வருஷம் பாடுபட்டது. டைரக்டரிக்கு ஒரு 'டீஃபால்ட்' பட்டியல், உள்ளே பிறப்பவற்றுக்கெல்லாம் அதன் நகல். அந்தப் பட்டியல் இருந்தால் யுமாஸ்க் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை. அருமையான யோசனை. ஆனால் கமிட்டி 17 முறை வரைவு எழுதியும் கரை சேரவில்லை. 1998 ஜனவரியில் கைவிட்டார்கள். சட்டமாகாத அந்த வரைவை வைத்துக்கொண்டே ஆளாளுக்குச் செய்துகொண்டார்கள். லினக்ஸில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்பாகர் எழுதியது 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் இருந்தது.

விண்டோஸ் பக்கம் என்ன நடந்தது? 1993ல் வந்த விண்டோஸ் என்.டி.யில் பட்டியல் முறை முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் வாரிசுரிமை? மல்டிக்ஸின் இரண்டாவது வழி. பிறக்கும்போது ஒரு நகல், அதோடு சரி. மேலே உள்ள ஃபோல்டரில் ஒரு புது ஆளைச் சேர்த்தால் உள்ளே ஏற்கனவே இருக்கும் ஃபைல்களுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் போய்ச்சேர வேண்டுமானால் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கலாம். அடித்தால்? உள்ளே இருக்கும் அத்தனை ஃபைலின் பட்டியலையும் அழித்துவிட்டு மேலே உள்ளதை முத்திரை குத்திவிடும். யாரோ ஒரு மேனேஜர் தன் சம்பள ஃபைலுக்கு மட்டும் தனியாகப் போட்டிருந்த பூட்டு உட்பட. தெருவுக்கு ரோடு போடுகிறேன் என்று வீட்டு வாசல்படியையும் இடித்துவிட்டுப் போகிற கதை.

2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000 இதைச் சரி செய்தது. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு: இது மேலேயிருந்து வந்தது, இது இங்கேயே போட்டது. மேலே மாற்றம் செய்தால் மேலேயிருந்து வந்த வரிகள் மட்டும் மாறும். சொந்தமாகப் போட்ட வரிகளைத் தொடாது. வேண்டாம் என்றால் வாரிசுரிமையே எனக்கு வேண்டாம் என்று ஒரு ஃபோல்டர் உறவை முறித்துக்கொள்ளவும் செய்யலாம். நேர்மையான தீர்வு. ஒரே ஒரு ஓட்டை. ஒரு ஃபைலை அதே டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் பழைய வீட்டு உரிமையோடேயே போகும். காப்பி எடுத்தால் புது வீட்டு உரிமை. இது தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்ட சிஸ்டம் அட்மின்கள் எத்தனை பேரோ.

இப்போது 2018க்கு வருவோம்.

ஒரு கம்பெனி லினக்ஸ் சர்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கணக்கு' என்று ஒரு குரூப். சம்பளப் பட்டியல், பேங்க் விவரம் எல்லாம் அந்த குரூப் மட்டும் பார்க்கலாம். பில்களைப் போடுவதற்கு ஒரு டைரக்டரி. யார் வேண்டுமானாலும் உள்ளே ஃபைல் போடலாம், போடுகிற ஃபைல் 'கணக்கு' குரூப்புக்குப் போய்ச்சேரவேண்டும். ஆகவே அதில் செட்ஜிஐடி. நியாயமான ஏற்பாடுதானே? கோயில் உண்டியல் மாதிரி. யாரும் போடலாம், உள்ளே விழுந்தது கோயிலுக்குச் சொந்தம்.

ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஒருவர் வருகிறார். கணக்கு குரூப்பில் அவர் இல்லை. அவர் ஒரு ஃபைலைப் போடுகிறார். அது பில் அல்ல, புரோகிராம். உருவாக்கும்போதே 'செட்ஜிஐடி போட்டு, ஓட்டும் உரிமையோடு உருவாக்கு' என்கிறார். லினக்ஸ் என்ன செய்கிறது? டைரக்டரியைப் பார்க்கிறது. வாரிசுரிமைப்படி ஃபைலுக்கு 'கணக்கு' குரூப். அவர் கேட்டபடி செட்ஜிஐடி பிட். இரண்டும் தனித்தனியாகச் சரி. சேர்ந்தால்? அந்தப் புரோகிராமை யார் ஓட்டினாலும் 'கணக்கு' குரூப்பின் அதிகாரம். எழுதியவர் ஸ்டோர்ஸ்காரர். ஓட்டுகிறவரும் அவரே. உண்டியலில் காசு போட வந்த ஆள், உண்டியல் சாவியோடு வெளியே போகிறார்.

இதற்குக் காவலே இல்லையா என்றால், இருந்தது. பிறந்துவிட்ட ஒரு ஃபைலுக்கு அப்புறமாக செட்ஜிஐடி போடப் போனால், நீ இந்த குரூப்பில் இருக்கிறாயா என்று கேட்கும். இல்லையென்றால் பிட் விழாது. செட்ஜிஐடி உள்ள ஃபைலில் சாதாரண முறையில் எதையாவது எழுதினாலும் பிட் போய்விடும். ஆனால் முதல் காவல், ஃபைல் பிறக்கும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. இரண்டாவது காவலை, ஃபைலை மெமரியில் விரித்துவைத்து அங்கே எழுதி ஏமாற்றலாம். கொல்லைப்புற வழி.

பெர்க்லியின் இனிஷியல், ரிச்சி அண்ணனின் தம்பி சட்டை. இரண்டு நல்ல யோசனைகள் சந்திக்கும் முச்சந்தியில் வருஷக்கணக்காக இந்த ஓட்டை கிடந்தது. கூகுளின் 'ப்ராஜெக்ட் ஜீரோ' பாதுகாப்புக் குழுவில் இருந்த யான் ஹார்ன்தான் பார்த்துச் சொன்னார். 2018 தொடக்கத்தில் உலகத்தையே உலுக்கிய மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ப்ராஸஸர் ஓட்டைகளைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அந்தக் கண்ணில் பட்டது எது தப்பும்? சி.வி.இ-2018-13405 என்று நம்பர் போட்டார்கள்.

2018 ஜூலை முதல் வாரத்தில் டோர்வால்ட்ஸே திருத்தம் எழுதினார். நாலைந்து வரிகள். சாரம் இதுதான். செட்ஜிஐடி டைரக்டரிக்குள் குட்டி டைரக்டரி பிறந்தால் வழக்கம்போல பிட் ஒட்டட்டும், ஆபத்தில்லை. ஃபைல் பிறந்தால், அதில் செட்ஜிஐடியும் குரூப்பின் ஓட்டும் உரிமையும் சேர்ந்து இருக்கிறதா பார். இருந்தால், உருவாக்கியவர் அந்த குரூப்பில் இருக்கிறாரா பார். இல்லை, விசேஷ அதிகாரமும் இல்லை என்றால் செட்ஜிஐடியை உருவிவிடு. குரூப்பின் டைரக்டரியில் எழுத அனுமதி இருக்கிறது என்பதற்காக ஒருவர் மாயமாக குரூப்பில் சேர்ந்துவிட முடியாது என்பது அவர் எழுதிய விளக்கத்தின் கருத்து. இரண்டு பிட்டும் 'சேர்ந்து' இருக்கிறதா என்று ஏன் பார்க்கவேண்டும்? அந்தப் பழைய பூட்டு அர்த்தம் அப்போது உயிரோடு இருந்ததே! குழப்பத்துக்கு மேல் குழப்பம் என்று அதையும் நக்கலாகக் குறிப்பிட்டிருந்தார்.

சுபம் போட்டுவிடலாமா? இல்லை.

டோர்வால்ட்ஸ் திருத்திய இடம், எல்லா ஃபைல் சிஸ்டங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வைத்திருக்கும் பொதுச் சமையல் குறிப்பு. கொள்ளலாம் என்றுதான் இருக்கிறதே தவிர, கட்டாயம் கிடையாது. எக்ஸ்.எஃப்.எஸ். என்கிற ஃபைல் சிஸ்டம் அதைத் தொடவே இல்லை. அது வந்த வழி வேறு. சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனி தொண்ணூறுகளில் தன்னுடைய ஐரிக்ஸ் சிஸ்டத்துக்காகக் கட்டியது. பிற்பாடு லினக்ஸுக்குக் குடிவந்தது. சமையல் பாத்திரம் எல்லாம் சொந்தமாகக் கொண்டுவந்திருந்தது. 2014ல் வந்த ரெட் ஹாட் எண்டர்ப்ரைஸ் லினக்ஸ் 7க்கு அதுதான் முதல் தேர்வு. பெரிய பெரிய கம்பெனி சர்வர்களில் அதுதான். அங்கே ஓட்டை அப்படியே இருந்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எக்ஸ்.எஃப்.எஸ்ஸில் ஒரு பழைய ஸ்விட்ச் உண்டு. ஐரிக்ஸ் போலவே நடந்துகொள் என்று சொல்வதற்கான ஸ்விட்ச். அதைப் போட்டால், உருவாக்குகிறவர் அந்த குரூப்பில் இல்லையென்றால் செட்ஜிஐடி பிட் உருவப்படும். அதாவது டோர்வால்ட்ஸ் 2018ல் எழுதினாரே, கிட்டத்தட்ட அதே மருந்து! ஐரிக்ஸ்காரர்களின் பழைய பழக்கமாக, லினக்ஸ்காரர்கள் கண்ணில் ஏதோ ஒரு பழங்கால விநோதமாக, அலமாரி மேல் இருந்தது. வழக்கமான நிலை: ஆஃப்.

கிறிஸ்டோஃப் ஹெல்விக் 2021 தொடக்கத்தில் எக்ஸ்.எஃப்.எஸ்ஸையும் பொதுக் குறிப்புக்குக் கொண்டுவந்தார். 5.12 பதிப்பில் சேர்ந்தது. இரண்டரை வருஷ இடைவெளி. இதற்குத் தனியாக சி.வி.இ-2021-4037 என்று இன்னொரு நம்பர்.

அப்புறமும் ஒரு பாக்கி. நம் பழைய நண்பர் கத்தரிக்கோல். பட்டியல் வசதி உள்ள ஃபைல் சிஸ்டங்களில் யுமாஸ்க் வெட்டும் வேலையை அந்தந்த ஃபைல் சிஸ்டமே செய்யவேண்டும் என்று இருந்தது. செட்ஜிஐடியை உருவும் வேலையும் அங்கேயேதான். இரண்டில் எது முதல்? சிலவற்றில் இது முதல், சிலவற்றில் அது. கத்தரிக்கோல் முதலில் வந்து குரூப்பின் ஓட்டும் உரிமையை வெட்டிவிட்டது என்று வையுங்கள். அடுத்து வரும் காவல்காரர் பார்க்கிறார். 'இரண்டு பிட்டும் சேர்ந்து இல்லையே, இது அந்தப் பூட்டு வகையறா போலிருக்கிறது' என்று செட்ஜிஐடியை விட்டுவிடுகிறார். தாலுகா ஆபீஸில் எந்த கிளார்க்கிடம் முதலில் கையெழுத்து வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து மனு பாஸாவதும் ஃபெயிலாவதும் போல. ஒரே கட்டளை, ஒரே கம்ப்யூட்டர். எந்த ஃபைல் சிஸ்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை வேறு.

2022ல் வேலையை ஃபைல் சிஸ்டங்களின் கையிலிருந்தே பிடுங்கினார்கள். எல்லா ஃபைல் சிஸ்டங்களுக்கும் மேலே, கர்னலில் ஒரு பொதுவான அடுக்கு இருக்கிறது. ஃபைல் உருவாக்கும் எந்தக் கோரிக்கையும் முதலில் அங்கே வரும். அந்த வாசலிலேயே செட்ஜிஐடி சோதனையை முதலில் முடித்து, அதற்கு அப்புறம்தான் கத்தரிக்கோல் என்று வரிசை வைத்தார்கள். கீழே எந்தச் சமையல்காரர் எந்தக் குறிப்பை வைத்துச் சமைத்தாலும், பிறந்த பிள்ளையின் இனிஷியல் விவகாரம் வாசலிலேயே தீர்ந்துவிடும். அக்டோபர் 2022ல் வந்த லினக்ஸ் 6.0ல் அது இருந்தது.